பேரளத்தில் பெண் பார்த்த சனிக்கிழமை

காரைக்காலில் புறப்படும் ரயில் பேரளத்தோடு நின்றுவிடும். பேரளத்தில்தான் மாயவரத்துக்கும் திருவாரூருக்கும் போகிற பெரிய பாதை இருக்கிறது. எங்கள் வண்டி அந்தப் பாதையில் ஏறாது. அதன் ஓரத்தில் வந்து நின்று, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, இன்ஜினை ஒரு முனையில் கழற்றி மறுமுனையில் மாட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போகும். இன்ஜினைத் திருப்புகிற வட்டமேடை இரண்டு ஊரிலும் கிடையாது. அதனால் போகும்போது முகம் காட்டி ஓடுகிற இன்ஜின் வரும்போது கரித்தொட்டியை முன்னால் விட்டு முதுகு காட்டியே ஓடி வரும்.

எங்கள் வீடு சுரக்குடியில். திருநள்ளாறு ஸ்டேஷன் வரைக்கும் சைக்கிள், அங்கிருந்து அந்த வண்டியில் காரைக்கால் காலேஜ். மூன்று வருஷம். கூடப் படித்த பெண்கள் சினிமாப் பாட்டு மனப்பாடம் செய்தார்கள். நான் சிக்னல் கைகாட்டி எப்போது இறங்குகிறது, எதற்கு இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கார்டு, டிரைவர், பாய்ண்ட்ஸ்மேன் யாரையும் விட்டதில்லை. கேள்வி கேட்டே அவர்களைக் களைக்க வைத்தேன். பேரளத்தில் அத்தை வீடு இருந்ததால் மாதம் ஒருமுறையாவது அங்கே போவோம். மற்றவர்கள் அத்தையைப் பார்க்கப் போவார்கள், நான் பெரிய பாதையைப் பார்க்கப் போவேன். அதில் வருகிற வண்டி, போகிற வண்டி, எது எங்கே எதற்காக நிற்கிறது, எல்லாம் அத்துபடி. ஆனால் அந்த வண்டிகளில் ஒன்றில்கூட நான் ஏறியதில்லை. பேரளத்தைத் தாண்டி என் கால் பட்டதே இல்லை.

பி.எஸ்ஸி. கணக்கில் நல்ல மார்க் வந்தது. மெட்ராஸில் எம்.எஸ்ஸி. படிக்க இடமும் கிடைத்தது. அப்பா காரைக்காலில் அரசாங்க ஆபீஸ் குமாஸ்தா, மிச்ச நேரத்தில் சுரக்குடி விவசாயி. இரண்டு வேலையிலும் முடிவை ஒத்திப்போட்டுப் பழகியவர். இந்தத் தடவை ஒத்திப்போடவில்லை.

"ஒரு எடம் வந்திருக்கு. பாத்துட்டுப் போவட்டும். அமைஞ்சா தையில கல்யாணம். தட்டிப்போனா நீ மெட்ராசுக்குப் போ. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

இடத்தைக் கொண்டுவந்தவர் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர் என்பதால் ஊரே அவரைச் சொல்தா என்றுதான் சொல்லும். எங்களுக்குச் சொல்தா மாமா. ஸ்டேஷனைக்கூடப் பிரெஞ்சில் 'கார்' என்றுதான் சொல்வார். மோட்டார் காரா என்று யாராவது கேட்டால் கோபம் வரும். மாப்பிள்ளை கும்பகோணத்தில் பாங்க் வேலை. நல்ல குடும்பம். ஒரே ஒரு சிக்கல், பையனுக்கு ஏழரைச் சனி. அம்மாக்காரி அவரைத் திருநள்ளாற்றுக்கு அழைத்து வந்து நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாமி கும்பிட்டுப் போகப் போகிறார். அந்தச் சனிக்கிழமையே பெண்ணையும் பார்த்துவிடலாம்.

"அப்ப நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போவட்டும். கூப்புடு தூரந்தானே" என்றார் அம்மா.

"அங்கதாம்மா இடிக்கிது" என்றார் மாமா. "சனீஸ்வரன கும்புட்டுட்டு நேரா சொந்த வீட்டுக்குத்தான் போவணுமாம். வேற யார் வீட்டுப் படியும் மிதிக்கக் கூடாதாம். தண்ணி குடிக்கக் கூடாதாம். திரும்பிப் பாக்கக் கூடாதாம்."

குளத்தில் பழைய துணியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பதை எல்லாரும்தான் செய்வார்கள். அந்த அம்மாள் மட்டும் கும்பகோணத்தில் தன் வீட்டு நிலைப்படி வரைக்கும் அதைக் கடைப்பிடிப்பவர். பின்னால் யார் கூப்பிட்டாலும் கழுத்து திரும்பாதாம்.

"மொதல்ல நம்ம வீட்டுக்கு வந்துட்டு, அப்பறம் கோயிலுக்குப் போனா?"

"தோஷத்தோட பொண்ணு வீட்டுக்குள்ள நொழையக் கூடாதுங்கிறாங்க. கோயில்லயும் பொண்ணு பாக்கக் கூடாதாம்."

வீடும் இல்லை, கோயிலும் இல்லை என்று ஆனபிறகு மாமாதான் வழி சொன்னார். அவர்கள் மாயவரம் வழியாக ஊர் திரும்பப் பேரளத்தில் வண்டி மாறத்தான் வேண்டும். மாயவரம் வண்டி வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஸ்டேஷன் யார் வீடும் இல்லை. அதற்குப் படி உண்டு, சொந்தக்காரன் கிடையாது.

இப்படியாக, என் தலையெழுத்தைப் பேரளம் ஜங்ஷனில், இரண்டு வண்டிக்கு நடுவில் தீர்மானிப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்குப் பிடித்த ஒரே இடம் அது. அங்கேயே என்னைப் பிடித்து உட்காரவைக்கப் போகிறார்கள்.

திருநள்ளாற்றில் அவர்களும் நாங்களும் ஏறியது ஒரே வண்டி. ஆனால் பேரளம் போய்ச் சேரும்வரை ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது. அவர்கள் இன்ஜினை ஒட்டிய பெட்டியில், நாங்கள் கடைசிப் பெட்டியில். மாமா மட்டும் இரண்டு பக்கமும் தூதுவராக, வண்டி நிற்கும் ஊரிலெல்லாம் இறங்கி ஓடி ஏறிக்கொண்டிருந்தார். அம்மா மடியில் அடுக்கு டிபன் கேரியர். கேசரி, பஜ்ஜி. நான் பட்டுப் புடவையில், தலை கொள்ளாத பூவோடு, ஜன்னலோரம் கிடைக்காமல் நடுவில்.

பேரளத்தில் இறங்கியதும் முதல் பிளாட்பாரத்து வேப்பமரத்தடியில் இரண்டு பெஞ்சுகளை எதிரெதிரே இழுத்துப் போட்டார் மாமா. அந்தப் பக்கம் மாப்பிள்ளை, அவர் அம்மா, அப்பா. இந்தப் பக்கம் நாங்கள். அந்த அம்மாளுக்கு நல்ல உயரம், ஈரம் காயாத தலை, முகத்தில் பிடிவாதம். அவர் கணவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனைவியைப் பார்த்துவிட்டே முடித்தார். மாப்பிள்ளை தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்குப் பக்கத்திலேயே திருமலைராயன்பட்டினத்து மீன்கூடைகள் வரிசையாக இறங்கின. மாயவரம் சந்தைக்குப் போகிறவை. ஐஸ் தண்ணீர் கசிந்து பெஞ்சுக் கால்வரை வந்தது. கூடைக்காரி ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னாக்கா, பொண்ணு பாக்குறீங்களா? வூடு வாசல் இல்லையா?"

"உன் வேலையப் பாரு" என்றார் மாமா.

"என் வேலைதான் எடம் தெரிஞ்சு நடக்குதே. நாங்க மீனயே டேசன்ல காட்டி விக்க மாட்டோம், சந்தைக்குக் கொண்டுபோய்த்தான் காட்டுவோம்."

அந்த அம்மாள் காதில் விழாதவர்போல என்னைக் கேட்டார்.

"என்ன படிச்சிருக்கே?"

"பி.எஸ்ஸி. மேத்ஸ்."

"சமையல்?"

"வரும்" என்று அம்மா சொன்னார்.

"பாடுவியா?"

அந்நேரம் பார்த்து எங்கள் வண்டியின் இன்ஜின் கழன்று, கூவிக்கொண்டே பக்கத்துப் பாதையில் போனது. நான் பதிலை விட்டுவிட்டு அதைப் பார்த்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினார்.

பஜ்ஜியை அவர்கள் தொடவில்லை. வீட்டுக்குப் போகும்வரை எங்கேயும் கை நனைக்க மாட்டார்களாம். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் தட்டை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்தார். கடைசியில் மாமாவும் போர்ட்டரும் சாப்பிட்டார்கள்.

கேட்க வேண்டியதைக் கேட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாயிற்று. மாயவரம் வண்டி வரவில்லை. திருவாரூரிலேயே தாமதமாகக் கிளம்பியதாம். மாயவரத்திலிருந்து வர வேண்டியதும் வரவில்லை. இந்த இரண்டும் வந்து, அதிலிருந்து ஆட்கள் இறங்கி ஏறினால்தான் எங்கள் காரைக்கால் வண்டி நகரும். அவர்கள் வண்டி வராமல் அவர்கள் போக முடியாது. அவர்களை வழியனுப்பாமல் நாங்கள் எழுந்திருக்க முடியாது, அது மரியாதை இல்லை. தெருவில் பஸ் போகிற சத்தம் கேட்டது. யாரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டில் பெண் பார்த்தால் காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடலாம். கதவைச் சாத்திக்கொள்ளலாம். இங்கே உள்ளே என்று ஓர் இடமில்லை. பெண்கள் வெயிட்டிங் ரூமைப் பூட்டிச் சாவியை யாரோ எடுத்துப்போயிருந்தார்கள். எதிர் பெஞ்சிலிருந்து என் மூக்கு, கை, கால்விரல் எல்லாவற்றையும் அந்த அம்மாள் நிதானமாக, மறுபடி முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பூ வாடியது. புடவைக்குள் வியர்வை இறங்கியது. மீன் வாடை ஏறியது. வானமே கூரையான அவ்வளவு பெரிய ஸ்டேஷனில் எனக்கு மூச்சு முட்டியது.

சாயங்காலம் ஆனபோது வடக்குப் பக்கத்துக் கைகாட்டி இறங்கியது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. வெளியே ஒற்றைத் தண்டவாளம் என்பதால், வழக்கமாக இரண்டு வண்டியும் பேரளத்தில்தான் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போகும். அப்போது மாயவரம் போவது முதல் பிளாட்பாரத்தில் வரும், திருவாரூர் போவது அடுத்ததில் வரும். இன்றைக்குத் தெற்கேயிருந்து வர வேண்டியது ரொம்பத் தாமதம். அதனால் வழிவிடுவதைத் தெற்கே அடுத்திருக்கும் பூந்தோட்டம் ஸ்டேஷனுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது வடக்கேயிருந்து வருகிற திருவாரூர் வண்டி நேர்ப்பாதையில், முதல் பிளாட்பாரத்திலேயே வரப்போகிறது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

வண்டி வந்து நின்றதும் அந்த அம்மாள் எழுந்தார். "வண்டி வந்துட்டுது, கெளம்புங்க." முதல் பிளாட்பாரத்தில் வருவது மாயவரம் வண்டி என்று காலையில் அவர்கள் இங்கே வண்டி மாறியபோதே போர்ட்டர் சொல்லியிருந்தார். அப்பாவும் மாமாவும் ஆயுளெல்லாம் அதைப் பார்த்தவர்கள். ஒருவரும் இன்ஜின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. புதிதாக வந்த ஆள் யாராக இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறியிருப்பான். அப்பா அவர்களுடைய பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார், திருவாரூர் வண்டியில் ஏற்ற.

நான் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

பூந்தோட்டத்தில் எதிரே நிற்பது தங்கள் வண்டி என்று அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. திருவாரூரில் இறங்கினால் அன்றைக்குத் திரும்ப அவர்களுக்கு வண்டி கிடையாது. யார் வீட்டிலாவது தங்கித்தான் ஆக வேண்டும். விரதம் போச்சு, குளித்தது போச்சு, பெண் பார்த்த நேரம் சரியில்லை என்று சம்பந்தமும் போச்சு. நான் மெட்ராஸில் இருப்பேன். இவ்வளவும் எனக்கு ஒரே நொடியில் தெரிந்தது. கணக்கில் விடை தெரிவதுபோல.

ஆனால் ஆட்கள் தப்பான வண்டியில் ஏறுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அது திருவாரூர் வண்டிங்க" என்று சத்தம் போட்டேன்.

அந்த அம்மாள் திரும்பவில்லை. பின்னாலிருந்து குரல் வந்ததும் இன்னும் வேகமாக நடந்தார். கணவரும் மகனும் அவர் பின்னாலேயே. மறுபடி கூப்பிட்டேன். தலைகள் மூன்றும் நேராக இருந்தன. மாமா, "சும்மாருடி, பொண்ணா லட்சணமா" என்றார்.

புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஐஸ் தண்ணீரில் வழுக்கி, கூடைக்காரி தோளைப் பிடித்து நிமிர்ந்து, "ஓடு ஓடு, மாப்ள தப்பிச்சுப் போறாரு" என்று அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே ஓடி, அவர்களைத் தாண்டி, அந்த அம்மாள் பெட்டியின் படியில் கால் வைக்கும்முன் எதிரே போய் இரண்டு கையாலும் வாசல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இது மாயவரம் போவாதுங்க. திருவாரூர் போவுது. இன்ஜினப் பாருங்க, தெக்க நிக்கிது. ஒங்க வண்டி பூந்தோட்டத்துல இதுக்காவ நிக்கும். இது போனப்பறந்தான் வரும்."

வாசலில் நின்ற ஒருவர், "ஆமா, திருவாரூர்தான்" என்றார். பெட்டிக்குள் போய்விட்ட அப்பா பையோடு இறங்கினார். எங்கள் முன்னால் வண்டி நகர்ந்து போயிற்று.

அந்த அம்மாள் என்னையே பார்த்தார். இந்தத் தடவை முகத்தை மட்டும்.

"கூப்புட்டா நான் திரும்ப மாட்டேன்னு புரிஞ்சுக்கிட்டு முன்னாடி வந்து நின்னுச்சு பாத்தீங்களா" என்றார் கணவரிடம். "இதுக்கு மேல பொருத்தம் பாக்க என்னா இருக்கு?" பிறகு அப்பாவிடம், "தையில வச்சிக்கலாம். தட்டு மாத்துறத மட்டும் நாங்க வீட்டுக்குப் போனதும் நாள் பாத்துச் சொல்றோம்."

அப்பா கை கூப்பினார். மாமா பட்டாளத்து விறைப்பில் நின்றார். அம்மா என் கலைந்த பூவைச் சரிசெய்தார். எல்லாரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் பார்த்ததில்லை. நான் என் கையைப் பார்த்தேன். கம்பியைப் பிடித்த உள்ளங்கையில் கரி ஒட்டியிருந்தது.

மாயவரம் வண்டி வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அந்த அம்மாள் பெஞ்சில் வடக்குப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். பின்பக்கம் என்ன நடந்தாலும் அவர் பார்க்க முடியாது. எடை பார்க்கும் மிஷினுக்குப் பக்கத்தில் நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை மெல்ல வந்தார்.

"அது திருவாரூர் வண்டின்னு ஒங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

கேட்டது அவர் தப்பு. கைகாட்டி, நேர்ப்பாதை, பூந்தோட்டம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். நிஜமாகவே காது கொடுத்துக் கேட்டார். நடுவில் ஒரு சந்தேகம்கூடக் கேட்டார், அதுவும் நல்ல சந்தேகம். அப்புறம்தான் எனக்கு நான் இருக்கும் நிலைமை ஞாபகம் வந்தது.

"எனக்கு மெட்ராஸ்ல படிக்க எடம் கெடச்சிருக்கு. நீங்க வேணாம்னு சொல்லிடுங்களேன்."

அவர் தன் அம்மாவின் முதுகைப் பார்த்தார்.

"நான் சொல்லி அங்க என்னா நடந்திருக்கு? இன்னிக்குக் காலையில பச்சத் தண்ணியில என்னை முக்கி எடுத்தாங்க. சளி புடிச்சிருக்குன்னு சொன்னேன். கேட்டாங்களா?"

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கேட்டேன். "ஏழரை இன்னும் எவ்வளவு நாள் இருக்கு?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கு. ஏன்?"

"எம்.எஸ்ஸி. ரெண்டு வருஷம். ஏழரை முடியட்டும், அப்பறம் வச்சிக்கலாம்னு சொல்லுங்க. ஒங்க அம்மா நம்பறது அது ஒண்ணுதானே."

"அதுக்குத்தானே இன்னிக்குக் குளிப்பாட்டிட்டாங்க. குளிச்சாச்சு, திரும்பிப் பாக்காம வந்தாச்சு. எல்லாம் போயிடுச்சுங்கிறாங்க." அம்மாவின் முதுகை மறுபடி பார்த்துவிட்டு, "நீங்க சொல்றது புரியிது" என்றார்.

தெற்குப் பக்கத்துக் கைகாட்டி இறங்கியது. வண்டி வந்தது. அவர்கள் ஏறினார்கள். போய்வருகிறோம் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லக் கூடாதாம். அந்த அம்மாள் வடக்குப் பார்த்து உட்கார்ந்தார். மகன் பக்கத்தில், ஜன்னலோரம். வண்டி கிளம்பி, இன்ஜினுக்குத் தண்ணீர் விடும் தூணைத் தாண்டியபோது, மாப்பிள்ளை ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தார். அவசரமாக அல்ல. பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கையை உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுத்தார்கள். அப்போதும் பார்த்தார்.

எங்கள் வண்டி முதுகு காட்டிப் புறப்பட்டது. இந்தத் தடவை எனக்கு ஜன்னலோரம் கொடுத்தார்கள். அம்பகரத்தூர் தாண்டியதும் கேட்டேன்.

"அப்பா, நான் கத்தாம இருந்திருந்தா?"

அப்பா காலி டிபன் கேரியரை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். "கத்தாம இருக்க ஒன்னால முடியுமா, ஆயி?" என்றார். திட்டவில்லை. அதுதான் வலித்தது.

சில நாள் கழித்து மாமா தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"பையன் ரயில்ல திரும்பிப் பாத்துட்டானாம். அந்தம்மா கண்ணெதிர்லயே. குளிச்சதெல்லாம் வீண், சனி திரும்ப ஏறிட்டுதுன்னு ஒரே அழுகை. ஏழரை முடியிற வரைக்கும் கல்யாணம் கெடையாதாம்."

மெட்ராஸ் வண்டி எத்தனை மணிக்கு என்று மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

"ஆனா பொண்ணு இதுதானாம். வேற எடம் பாத்துடாதீங்க, தட்ட இப்பவே மாத்திக்குவோம்னு சொல்லிட்டாங்க."

அமைந்ததா தட்டிப்போனதா என்று அப்பாவுக்கே விளங்கவில்லை. அம்மாதான் தீர்த்துவைத்தார். "ரெண்டு வருஷம் இவள வீட்ல வச்சிருந்தா ஸ்டேஷன்லயே கெடப்பா. படிக்கவே போவட்டும்."

அப்படித்தான் மெட்ராஸுக்கு வந்தேன். பேரளத்தில் முதல்முறையாகப் பெரிய பாதையில் ஏறியபோது எந்தக் கைகாட்டியையும் நான் பார்க்கவில்லை, கண்ணீர் மறைத்தது. இங்கே மாம்பலத்திலும் எக்மோரிலும் மின்சார ரயில் ஒன்று போனால் ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. எதுவும் எதற்காகவும் காத்திருப்பதில்லை. தவறவிட்டால் அடுத்தது. முதல் மாதம் வேண்டுமென்றே ஒன்றிரண்டைத் தவறவிட்டுப் பார்த்தேன்.

மாப்பிள்ளையைப் பேரளத்துக்குப் பிறகு தட்டு மாற்றிய அன்று பார்த்ததுதான். எல்லார் நடுவிலும், சளி சரியாகிவிட்டதா என்று கேட்டேன். அவர் மட்டும் சிரித்தார். நல்லவர்தான். அதை நான் மறுக்கவில்லை. நல்லவர் ஒருவர் கையில் கயிற்றைக் கொடுத்து, கொஞ்சம் நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். கயிறு கயிறுதான்.

சனி இன்னும் கொஞ்ச நாளில் பெயர்கிறார். பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாத நான் இப்போது அதை மட்டும் பார்க்கக் கற்றிருக்கிறேன். கடைசியாக லீவுக்குப் போனபோது பேரளத்தில் இறங்கி, அந்த வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பெரிய பாதை வண்டி போய்விட்டது. கூட இறங்கியவர்கள் எல்லாரும் காரைக்கால் வண்டியில் ஏறிவிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. நாம் ஏறாவிட்டால் அது எவ்வளவு நேரம்தான் நிற்கும் என்று பார்க்க ஆசை.

பிளாட்பாரம் காலியானது. இன்ஜின் புகை விட்டுக்கொண்டு நின்றது. பிறகு கார்டு இறங்கி, பச்சைக் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, என்னை நோக்கி நடந்து வந்தார். காலேஜ் நாளிலிருந்து என் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் களைத்த மனிதர்.

"என்னாம்மா, சொகமில்லையா? ஏறு" என்றார் அன்பாக. "ஒனக்காவத்தான் நிக்கிது."